அத்தானுக்கு வைத்த கெடு

லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு சின்னக் கம்பனியில் எனக்கு வேலை. ரயில் கதவுகளை இயக்கும் மென்பொருளைச் சோதிப்போம். சாரதி பொத்தானை அழுத்தினால் இத்தனை செக்கனுக்குள் கதவு பூட்டுப்பட வேண்டும் என்று தர்க்கக் குறியீடுகளில் எழுதித் தந்திருப்பார்கள். ரயில் ஓடும்போது எது எப்போது நடந்தது என்று இயந்திரம் பதிந்த நீளத் தாள்களை விரித்து, எல்லாம் அந்தக் கெடுவுக்குள் நடந்ததா என்று வரி வரியாகப் பார்ப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கம். பாதியைக் கணினி பார்க்கும், மீதியை என் கண் பார்க்கும்.

சிலர் "கதவு எப்போதாவது பூட்டுப்படும்" என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எப்போதாவது என்றால் எந்தத் தாளை வைத்து அதைப் பொய் என்று காட்டுவது? ஒரு மணித்தியாலம் திறந்தே கிடந்தாலும், இனிமேல் பூட்டும் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. கெடு இல்லாத வரிகளைச் சிவப்பால் வெட்டித் திருப்பி அனுப்புவேன். சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்திருந்தேன்.

ரெய்னர்ஸ் லேன் வீட்டில் அக்கா என்னோடு இருந்தாள். ஊரிலிருந்து கொழும்புக்குப் போகிற வழியில் அத்தானை ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. லண்டனுக்கு வந்தும் அக்கா பொட்டோடும் தாலியோடும் "அவர் வருவார்" என்றே இருந்தாள். தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கென்று ஒரு சேர்ட் வாங்கி வைப்பாள். என் துக்கமெல்லாம் கோபமாகத்தான் வெளியே வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தச் சேர்ட்டை மடித்துக்கொண்டிருந்தாள். என் நாக்கில் சனி.

"வருவார், வருவார் எண்டா எப்ப அக்கா? ஒரு கெடு வேண்டாமே? ஆயுசு முழுக்க இப்பிடியே இருக்கப்போறியோ?"

அவள் கோபிக்கவில்லை. "நீ படிச்சனி. நீயே சொல்லு, இன்னும் எவ்வளவு காலம் பாக்கலாம்?"

"மூண்டு வருஷம்," என்றேன். வேலையில் ஒரு இலக்கத்தைக்கூட நான் அப்படி யோசிக்காமல் எழுதியதில்லை.

"ஓம்," என்றாள். மடித்த சேர்ட்டை அலுமாரிக்குள் வைத்தாள். நான் அதை மறந்தும் போனேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு காலை, நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, அக்கா வந்து முன்னால் அமர்ந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. கையில் இருந்த தாலிக்கொடியை மேசையில் வைத்தாள்.

"நேற்றோடை முடிஞ்சுது தம்பி."

என்ன முடிந்தது என்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது. நான் சொன்ன அந்த மூன்று வருஷம். கெடு தப்பிய பிறகு, இலக்கத்தைக் கொஞ்சம் கூட்டித் தாருங்கள் என்று கெஞ்சி வந்த எத்தனையோ பேரை நான் ஏசித் துரத்தியிருக்கிறேன். அன்றைக்கு நானே கெஞ்சினேன்.

"அக்கா, அது நான் வாய்க்கு வந்தபடி சொன்னது. இன்னும் ரெண்டு வருஷம் பாப்பம். அதை எடுத்துக் கட்டக்கா."

அவள் தாலியைத் தொடவில்லை.

"ஏலாது தம்பி. வருவார் எண்டு சும்மா இருக்கேக்கை நான் நாள் எண்ணேல்லை. நீ சொன்னாப்பிறகு ஒவ்வொரு நாளா எண்ணினனான். இன்னுமொருக்கா எண்ண என்னாலை ஏலாது."