மேற்கே ஒரு மூலை

காணி உறுதிப் பத்திரத்தில் ‘மேற்கு’ என்று எழுதிப் பேனா நின்றுவிட்டது. எதிரே என் கூடப்பிறந்த ராத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி இருக்கிறார். மருதமுனை வீட்டைத் தன் மகளுக்கு எழுதிக்கொடுக்க வந்திருக்கிறார்.

அந்த வீடு நிற்கும் வளவைத்தான் அன்று எங்கள் வாப்பா ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுத்தார். வடக்கே சந்து போல ஓர் ஒழுங்கை, தெற்கே ஓர் ஒழுங்கை, கிழக்கே அடுத்த வீட்டு மதில். மேற்கே ஒழுங்கைகள் இரண்டும் முட்டிக்கொள்வதால் அங்கே பக்கம் இல்லை, மூலை மட்டும்தான். நான் அப்போது கல்முனையில் உறுதி முடிக்கும் ஒரு நொத்தாரிசிடம் எழுத்தராகச் சேர்ந்த புதிது. உறுதியில் நாலெல்லையும் எழுதுவது வழக்கம். மூலை குறைந்த வளவு வேண்டாம் என்று மாப்பிள்ளையின் உம்மா முன்பே சொல்லியனுப்பியிருந்தார். ராத்தாவின் கலியாணம் குழம்பிவிடுமோ என்ற பயத்தில், ‘முக்கோண வடிவான’ என்ற சொல்லை விழுங்கிவிட்டு, ‘மேற்கு: ஒழுங்கை’ என்று வரைவில் எழுதிவைத்தேன்.

அந்தச் சொல் எனக்கு இன்றும் வியப்புத்தான். உறுதி பக்கங்களை எண்ணுகிறது. முக்கோணம் என்ற சொல்லோ கோணங்களை எண்ணுகிறது. நோன்பு திறக்கும்போது சமோசாவுக்கு எத்தனை மூலை என்று யாரும் பார்ப்பதில்லை. வளவுக்கு மட்டும் ஏன் பார்க்கிறோம்?

வரைவை வாசித்த ராத்தாவின் முகம் சிவந்துவிட்டது.

“மேற்கால எங்கடா ஒழுங்கை? இல்லாத எல்லைய எழுதிப்போட்டு நான் எப்படி அதுக்குள்ள குடியிரிக்கிற?”

மாப்பிள்ளை வீட்டார் வளவு பார்க்க வந்த அன்று, வாப்பா தடுக்குமுன் ராத்தாவே முன்னுக்கு வந்தார். “மாமி, இது முக்கோண வளவு. மூணு மூலதான் இரிக்கி. பாத்துட்டுச் சொல்லுங்க.”

மாப்பிள்ளையின் உம்மா குடையைப் பிடித்தபடி மூன்று பக்கமும் நடந்தார். மேற்கு மூலையில் நெடுநேரம் நின்றார். குடை கையில் நில்லாமல் ஆடியது.

“ரெண்டு ஒழுங்கைக் காத்தும் இஞ்சதான் வருது. இதில ஒரு அறை போடுங்க. நானும் வந்தாப் படுக்கலாம்” என்றார்.

கடைசிக் காலத்தில் அந்த அறையில்தான் அவர் படுத்திருந்தார். ராத்தாதான் பார்த்துக்கொண்டார்.

இப்போது ‘முக்கோண வடிவான காணி’ என்று எழுதிவிட்டேன். மேற்குக்கு நேரே, ‘எல்லை இல்லை, ஒழுங்கைகள் சந்திக்கும் மூலை’ என்று எழுதி நீட்டினேன். ராத்தா விரல் வைத்து மெல்ல வாசித்தார்.

“மாமிட அறை” என்றார்.