ஜன்னல் கண்ணாடியில் இருந்த ரேகை

தலைப்பிரசவத்துக்காக நான் தாய்வீட்டில் இருந்தபோதுதான் அந்தத் திருட்டு நடந்தது. அப்பா தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் பாவும் சரிகையும் கொடுத்துப் புடவை நெய்யச் சொல்லி வாங்குபவர். கல்யாண ஆர்டருக்கு வைத்திருந்த பட்டுப்புடவைகள் மூட்டையோடு போய்விட்டன. பின்பக்க ஜன்னல் கண்ணாடியைப் பெயர்த்து, கையை விட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்திருந்தார்கள்.

எங்கள் தறிக்காரர் ஒருவர் முந்தின நாள்தான் அப்பாவோடு வாக்குவாதம் செய்திருந்தார். அவர் நெய்த புடவையில் அப்பா குறை சொல்லிவிட்டாராம். "அவன்தான்" என்றார் அப்பா. விசாரிக்க வந்த ஏட்டு அந்தத் தறிக்காரரைத் தெருவில் நிறுத்தி அறைந்தார்.

"நான் இல்லீங்க. மொதலாளி, நீங்களாவது சொல்லுங்க!"

அப்பா வேறு பக்கம் பார்த்தார். அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"யாரையும் அடிக்கக் கூடாது. அந்தக் கண்ணாடியை ஒருத்தரும் தொடாதீங்க. மெட்ராஸ்லேர்ந்து கைரேகை நிபுணர் வந்துக்கினு இருக்காரு."

"கைரேகைன்னா, ஜோசியரா?" என்று அம்மா என் காதில் கேட்டாள்.

வந்தவர் கண்ணாடியில் ஏதோ பொடியைத் தூவி மெல்லிய பிரஷால் தடவினார். விரல்ரேகைகள் கோலம்போல எழும்பி வந்தன. படம் எடுத்துக்கொண்டு, எங்கள் எல்லோருடைய ரேகையும் வேண்டும் என்றார். அப்பாவுக்குக் கோபம்.

"உங்க ரேகையைக் கழிச்சாத்தாங்க வெளியாள் ரேகை எதுன்னு தெரியும்" என்றார் நிபுணர்.

முதலில் கையை நீட்டியவர் அறை வாங்கிய தறிக்காரர்தான். கண்ணாடியில் இருந்தது அவருடையதும் இல்லை, எங்களுடையதும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

திருட்டுக்கு முன்பே பெங்களூருக்குப் போய்விட்டதாக நாங்கள் நம்பிய என் தம்பி அடுத்த வாரம் வந்தான். இன்ஸ்பெக்டர் அவன் ரேகையையும் கேட்டார்.

"ஊர்லயே இல்லாத புள்ளை கை எதுக்குங்க?" என்றார் அப்பா.

மை தடவும்போது தம்பி கையைப் பின்னுக்கு இழுத்தான். அவன் என்னைப் பார்த்தான்.

ரேகை அவனுடையதுதான். அவன் சொன்ன இடத்தில், ஆற்காட்டில், புடவைகள் கிடைத்தன. "வீட்டு விஷயம்ங்க, புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்" என்று அப்பா கெஞ்சினார்.

"அதுக்குக் கோர்ட்டு இருக்குது. அந்த ஆளு வாங்கின அறையை யாருகிட்ட போய் வாபஸ் வாங்குவீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தறிக்காரர் வீட்டுக்கு அப்பா போகவில்லை. மறுநாள் நான் போனேன். தெரு முழுக்க என் முதுகையே பார்ப்பதுபோல இருந்தது. என்னைக் கண்டதும் அவர் மனைவி மணைப்பலகையை எடுத்துப் போட்டாள்.

"உட்காருமா. புள்ளத்தாச்சி நிக்கலாமா?"

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கொடுத்த தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் தறியிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கடைசியில், "இந்தப் பாவு முடியட்டும்மா. அடுத்த பாவை வேற மொதலாளிகிட்ட வாங்கிக்கறேன்னு அப்பாகிட்ட சொல்லிடு" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.