கிளீனர் பக்கம்

என் காரில் சக்கரத்தைத் தாங்கிச் சுற்றும் ஹப் இரண்டில், நல்ல ஹப்பைச் சுத்தியலால் அடித்துக் கழற்றிவிட்டு, கெட்டுப்போன ஹப்பைப் பத்திரமாக விட்டுவைத்த முட்டாள் நான்தான். வேறு யாரோ என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை முழுவதும், வீட்டு வாசலில், வெள்ளைக்காரர்கள் நாயோடு நடந்துபோகும் பாதைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்து இந்த வீரச்செயலைச் செய்து முடித்தேன். நாய்கள்கூட என்னை இரக்கத்தோடுதான் பார்த்தன. கனடாவில் டிரைவர் இடப்பக்கம் உட்காருவார். பதினோரு வருஷமாகத் தினமும் நானேதான் அங்கே உட்காருகிறேன். அப்படியிருந்தும் ஒரே ஒரு சொல் என்னைக் கவிழ்த்துவிட்டது.

கார் ஓடும்போது முன்பக்கம் 'ங்ங்ங்' என்று ஒரு முனகல். கராஜில் கேட்டால் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். உண்மையில் அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊரில், மடுல்சீமைத் தேயிலை மலையில் வேன் ஓட்டும் என் அண்ணன் இரண்டு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் கும்பிட்ட கை ஒன்று வரும், பொங்கலுக்கு அதே கை மறுபடி வரும். ஆனால் வண்டிச் சத்தம் என்றால் அண்ணனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"எந்த ஸ்பீடுல வருது?" நலமா என்ற விசாரிப்பெல்லாம் இல்லை.

"அறுபது தாண்டினா வருதுண்ணே."

"வலது பக்கம் ஒடிச்சா கூடுதா, கொறையுதா?"

"கூடுது."

"அப்ப கிளீனர் பக்கத்து முன் வீலு. ஹப்பு போச்சு. மாத்திரு."

"அண்ணே, வீட்டுல எல்லாரும்..." என்று நான் இழுப்பதற்குள் வைத்துவிட்டார்.

அண்ணனின் கோபத்துக்கும் காரணம் ஒரு ஹப்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய வேனிலும் இதே முனகல். பதுளைக் கடைகளில் அப்போது வண்டிச் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பு. பழைய ஹப்பில் பொறித்திருந்த நம்பரைப் படம் எடுத்து அனுப்பி, "அங்கிட்டு கெடைக்குமான்னு பாருடா" என்றார். "தேடுறேண்ணே" என்றேன். அடுத்த வாரம் கேட்டார். "தேடுனேண்ணே, கெடைக்கல." அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன். நான் எந்தக் கடைக்கும் போகவில்லை. வேலை, பனி, சோம்பல். சொல்லிக்கொள்ளும்படியான காரணம் ஒன்றுகூட இல்லை. ஒரு மழை நாள் மத்தியானம் அம்மாவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அண்ணன் அவரை வேனின் முன் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பசறைக்கு மேலே ஒரு வளைவில், அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்துச் சக்கரம் சாய்ந்து, வேன் நின்றுவிட்டது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஒன்று வந்து ஏற்றிக்கொள்ளும்வரை ஒரு மணித்தியாலம் நடு ரோட்டில் மழையில் இருந்தார்கள். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டார். நெஞ்சில் சளி என்று டாக்டர் சொன்னார். ஹப் என்று யாரும் சொல்லவில்லை, அண்ணன்கூட. நான் சாவு வீட்டைப் போனில் பார்த்தேன். பாடை கிளம்பும் நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது.

அண்ணன் 'மாத்திரு' என்று சொன்ன அன்றைக்கே சாமான் கடைக்கு ஓடினேன். இந்த வண்டிக்கு இடது ஹப் வேறு, வலது ஹப் வேறாம். எந்தப் பக்கம் என்று கேட்டான் கவுண்டரில் நின்றவன். நான் மிடுக்காக, "கிளீனர் சைட்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போய், பிரேக்கைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். "நோ, நோ, மேன்! டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிற கிளீனர்" என்று விளக்கினேன். அவன் இன்னும் பெரிய டப்பாவாக எடுத்துவந்தான். கடைசியில் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் நடித்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினேன். "ஓ, பாசஞ்சர் சைட்!" வலது ஹப்பைக் கொடுத்தான். டப்பாவையும் வாங்கிக்கொண்டேன், அவன் மனம் நோகக் கூடாதே.

சனிக்கிழமை காலையில் ஜாக்கி வைத்து வீலைக் கழற்றினேன். இந்த ஊரில் பனிக்காலத்தில் ரோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பில் துருவேறி, ஹப் அச்சோடு ஒட்டிக்கிடந்தது. ஐந்து மணித்தியாலம் அடித்தேன். ஒருவழியாகப் புதியதைப் பூட்டி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ங்ங்ங்.

சாயங்காலம், அங்கே விடிந்திருக்கும் நேரம் பார்த்து, அண்ணனைக் கூப்பிட்டேன்.

"எந்தப் பக்கம்டா மாத்துன?"

"நீங்க சொன்ன கிளீனர் பக்கந்தாண்ணே. வலது."

"வலதா? கிளீனரு எப்படா வலது பக்கம் ஒக்காந்தான்?" சட்டென்று அவருக்கே பிடிபட்டது. "ஓ... ஒங்க ஊருல தலைகீழா?" பிறகு சிரித்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு, இருமலும் சேர்ந்தது. "எட்டு மாசம் என் லொறியில கிளீனரா இருந்தியேடா! கல்லத் தூக்கி வீலுக்கு அண்டக் குடுத்தியே! ஒன் சீட்டு எந்தப் பக்கம்னே மறந்துட்டியா?"

நானும் சிரித்தேன். 'ஒங்க ஊரு' என்ற சொல் மட்டும் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. ஆனாலும் அண்ணன் சிரித்துவிட்டார், கதவு திறந்துவிட்டது என்று நம்பினேன்.

ஞாயிறு காலையில் கடை திறந்ததும் நின்றேன். இடது ஹப்பை வாங்கினேன். பிறகு போனில் பழைய படத்தைத் தேடி எடுத்து, அண்ணன் அனுப்பிய அந்த நம்பரைக் காட்டினேன். அவன் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினான், உள்ளே போனான், ஒரு பெட்டியோடு வந்தான். இங்கே ஓடும் வேறு ஏதோ வண்டிக்கும் அதே சாமானாம். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டான். பணத்தை நீட்டினேன்.

இரண்டு பெட்டிகளையும் பக்கத்து சீட்டில் வைத்துக் காரைக் கிளப்பினேன். கார் கத்த ஆரம்பித்தது. பாரத்தைப் பார்த்து, ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பெல்ட்டைப் போடு என்று கத்துகிறது. அந்த வலப்பக்கத்து சீட், ஊரில் என்றால் அண்ணன் ஸ்டியரிங் பிடித்து உட்காரும் இடம்; இங்கே அம்மா உட்காரவேண்டிய இடம். பெட்டிகளுக்குப் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். கார் அடங்கியது. அங்கேயே நிறுத்தி வைத்து, அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஒங்க வேன் ஹப்பு கெடச்சிருச்சு. கையில வச்சிருக்கேன். நாளைக்கே அனுப்பிடுறேன்."

லயத்து வீட்டுத் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்துக்கு நடுவே அண்ணன் குரல் வந்தது.

"வேன வித்துட்டேன்டா."