ஆறு முறை போன சாட்சி

என்னைச் சாட்சி சொல்ல ஆறு முறை குளுவாங் நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆறு முறையும் அங்கே யாரும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. தம்போயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படும் ஆள்தான். ஆனால் கிளினிக்கில் நம்பர் சீட்டை வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், அந்த நீதிமன்ற வராந்தா ஞாபகத்துக்கு வந்து எரிச்சல் தலைக்கு ஏறிவிடும்.

அப்போது நாங்கள் பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டினார். தோட்டத்தில் அந்த லோரிக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதை ஓட்டியதால் மாமாவுக்கும் ஒரு மதிப்பு இருந்தது. பள்ளி விடுமுறையில் ஒருநாள் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து ஆலைக்குக் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது, தோட்டத்துப் பாதை பெரிய சாலையில் சேரும் முச்சந்தியில், பாவ் என்னும் ஆவியில் வேகவைத்த பன் விற்கும் ஒரு சீனர் மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் லோரியில் மோதி விழுந்தார். அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. சாலை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பாவ்கள் உருண்டன.

பெரிய சாலையில் ஏறுவதற்கு முன் நிறுத்தக் கோட்டில் லோரியை நிறுத்தவில்லை என்று போலீஸ் மாமாமீது வழக்குப் போட்டது. நிறுத்தினேன், இரண்டு பக்கமும் பார்த்தேன், அக்கா மகளும் பார்த்தாள் என்றார் மாமா. குற்றம் என்று முடிவானால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் லோரி வேறொருவர் கைக்குப் போகும். மாமாவுக்கு வக்கீல் இல்லை. ஒன்பது வயதில் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான் மட்டும்தான் இருந்தேன்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லையேம்மா. பாவ் உருண்டதுதான் தெரியும்" என்றேன்.

"பயத்துல மறந்திருக்கும். யோசிச்சுப் பாரு, வரும்" என்றார் அம்மா.

யோசித்துப் பார்த்தேன். முதலில் வரவில்லை. அம்மா எடுத்துக் கொடுத்தார். "மாமா கோட்டுல நிறுத்துனாரு. வலப்பக்கம் பாத்தாரு. எடப்பக்கம் பாத்தாரு. அப்புறந்தான் எடுத்தாரு. சொல்லு." பள்ளியில் வாய்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, தலை பின்னும்போது ஒருமுறை. திக்கினால் பின்னலை இழுப்பார்.

முதல் தடவை தீபாவளிக் கவுனைப் போட்டுவிட்டு, விடியற்காலை பஸ்ஸில் அம்மாவும் மாமாவும் என்னைக் கூட்டிப்போனார்கள். சினிமாவில் வருவதுபோல் யாராவது மேசையைத் தட்டுவார்கள், கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். யாரும் கத்தவில்லை. சாட்சிகள் உள்ளே இருக்கக்கூடாது என்று என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அதே பெஞ்சில், ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பாவ்காரரும் உட்கார்ந்திருந்தார். அவர் போலீஸ் தரப்புச் சாட்சி. அம்மா என்னை மறுபக்கம் இழுத்து உட்கார வைத்தார். பன்னிரண்டு மணிக்கு மாமா வெளியே வந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லையாம். வழக்கு மூன்று மாதம் தள்ளிப் போயிற்று.

இரண்டாவது தடவை மொழிபெயர்ப்பாளர் வந்தார். வழக்கை விசாரித்த போலீஸ்காரர் பயிற்சிக்குப் போய்விட்டார். மூன்றாவது தடவை வர வேண்டியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், ஃபைல் வரவில்லை. அது பக்கத்து அறையில்தான் இருந்ததாம், சாவி வைத்திருந்தவர் விடுப்பாம். இரண்டு தடவைக்கு மேல் லீவு கொடுக்க மாட்டேன் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி சொல்லிவிட்டதால் அம்மா அதற்குள் வருவதை நிறுத்தியிருந்தார். நான்காவது தடவை மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் முதலிலிருந்து படித்துப் பார்க்க வேண்டுமாம்.

"அலமாக்! லாகி தாங்குஹ்?" என்று பாவ்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். மலாயில், மறுபடியும் தள்ளிப்போட்டார்களா என்று அர்த்தம். அவருக்கு வழக்கு நாள் என்றால் அன்றைக்கு வியாபாரம் இல்லை.

இத்தனை தடவை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் யார் வாதி, யார் பிரதிவாதி என்பதெல்லாம் நிற்காது. மூன்றாவது தடவையிலிருந்தே அவர் எனக்குத் தேங்காய்ப்பால் ஜாம் வைத்த கயா பாவ் கொண்டுவர ஆரம்பித்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொள்வேன். மாமாவை அவர் 'தம்பி' என்பார்; மாமா அவரை முதலாளி என்னும் அர்த்தத்தில் 'தவ்கே' என்பார். சிங்கப்பூராக இருந்தால் ஒரே மாதத்தில் முடித்திருப்பான் என்பார் மாமா. சீனாவில் தன் அப்பாவின் ஊரில் ஒரு கோப்பை டீ ஆறுவதற்குள் பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார் என்பார் பாவ்காரர். வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா ஒரே போடாகப் போடுவார். "எங்க தாத்தாவோட நெலத்துக் கேசு ஊருல இன்னும் நடக்குது. அதுக்கு இது தேவல." சிங்கப்பூர் நீதிமன்றத்தையோ சீனப் பெரியவரையோ இந்தியக் கோர்ட்டையோ எங்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

பள்ளியிலும் மானம் போயிற்று. விடுப்புக் கடிதத்தை நீட்டினால் ஆசிரியை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "இன்னிக்கும் கோர்ட்டா? நீ என்ன பெரிய வக்கீலா?" என்பார். அன்றிலிருந்து பையன்கள் என்னை 'வக்கீலம்மா' என்று கூப்பிட்டார்கள். ஒரு வார்த்தை பேசாத வக்கீலம்மா.

ஐந்தாவது தடவைதான் கொடுமை. மொழிபெயர்ப்பாளர் இருந்தார், போலீஸ்காரர் இருந்தார், ஃபைல் இருந்தது, மாஜிஸ்திரேட்டும் இருந்தார். எனக்கு அவசரமாக டாய்லெட் போகவேண்டி வந்துவிட்டது. தனியாகப் போக மாட்டேன் என்று மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். மாமா டாய்லெட் வாசலில் நின்ற அந்த ஐந்து நிமிடத்தில் அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். ஆளைக் காணோம் என்று பிடிவாரண்டு எழுதச் சொல்லிவிட்டார் மாஜிஸ்திரேட். மாமா ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, பிள்ளையால் வந்த தாமதம் என்று சொல்லி வாரண்டை ரத்து செய்ய வைத்தார். அதற்குள் அடுத்த வழக்கை எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு வேறு தேதி.

"ஒன்னர வருசமா நிக்கிறேன். அஞ்சு நிமிசம் ஒங்களால நிக்க முடியலியாடா" என்று மாமா பஸ் நிறுத்தத்தில் யாரையும் பார்க்காமல் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னால்தான் என்று எனக்கு ஒரே அழுகை. அடுத்த முறை மாமாவை நானே காப்பாற்றிவிட வேண்டும் என்று வைராக்கியம் வந்தது.

அதன்பிறகு அம்மா பின்னலை இழுக்கவே இல்லை. நானே சொல்லிக்கொண்டேன். குளிக்கும்போது, துணி மடிக்கும்போது, படுக்கையில். சொல்லச் சொல்ல முச்சந்தி முழுதாகக் கண்முன் வந்தது. மாமா பிரேக்கில் கால் வைப்பது தெரிந்தது. கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் லோரி நிற்பது தெரிந்தது. அம்மா சொல்லிக்கொடுக்காததெல்லாம் தெரிந்தது.

ஆறாவது தடவை அந்தக் கவுன் அக்குளில் பிடித்தது. நான்காம் ஆண்டு முடியப்போகும் நேரம். வராந்தாவில் பாவ்காரர் வழக்கம்போல் பாவ் கொடுத்தார். ஊன்றுகோலை விட்டிருந்தார், ஆனால் காலைச் சற்று இழுத்து நடந்தார். அவர் தண்ணீர் குடிக்கப் போன சமயத்தில் மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பயமா இருக்கா பாப்பா?"

"இல்ல மாமா."

"எங்கிட்ட ஒருக்கா சொல்லு, கேப்போம்."

சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஒரு இடத்திலும் திக்கவில்லை. "மாமா கோட்டுல நிறுத்துனாரு. வலப்பக்கம் பாத்தாரு, எடப்பக்கம் பாத்தாரு. ரெண்டு தடவ ஹாரன் அடிச்சாரு. தவ்கே பாக்கவே இல்ல. ஒரு கையில ஓட்டிக்கிட்டு, பின்னால திரும்பி பாவ் கூடைய சரி பண்ணிக்கிட்டே வந்தாரு. அவருதான் வந்து இடிச்சாரு."

"ஹாரனு, கூடையெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? அம்மாவா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. நானே பாத்தேன்."

"நெசமாவா?"

"சாமி சத்தியமா மாமா."

அவர் என் முகத்தையே பார்த்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். என் வாயோரம் ஒட்டியிருந்த கயாவை விரலால் துடைத்துவிட்டு எழுந்தார். காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்த பாவ்காரரை ஒருமுறை பார்த்தார். பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனார்.

நான் கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாவ்காரரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. போலீஸ்காரர் ஒருவர் கதவைத் திறந்து, எல்லாம் முடிந்தது, நீங்கள் போகலாம் என்றார். மாமா குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்.

"ஹாபிஸ்?" என்று பாவ்காரர் எழுந்து நின்றார். "சாயா பெலும் சாக்காப் லாகி!" முடிந்துவிட்டதா, நான் இன்னும் பேசவே இல்லையே என்று அவர் கத்தினார். எனக்கு மலாய் சரியாக வராது, கத்தவும் வராது. வந்திருந்தால் நானும் அதையேதான் கத்தியிருப்பேன்.

மாமாவுக்கு அபராதமும், ஆறு மாதம் லைசென்ஸ் நிறுத்தமும் கிடைத்தன. வெளியே வந்து பாவ்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னவோ மெதுவாகச் சொன்னார். அவர் தலையாட்டினார். பிறகு மாமா எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். நான் தொடவில்லை. அது கரைந்து தண்ணீரானது.

"நான் சொல்றதுக்குள்ள ஏன் மாமா ஒத்துக்கிட்டீங்க?"

"எத்தன தடவதான் அலையறது? போதும் பாப்பா."

வீட்டில் அம்மா கொதித்துப் போனார். "ஒன்னர வருசம் புள்ளைய தயார் பண்ணி வச்சேன். பத்து நிமிசம் ஒனக்குப் பொறுக்கலியாடா? மடையா!" மாமா ஆறு மாதம் குலை ஏற்றும் வேலை செய்தார். லோரி திரும்பக் கிடைக்கவில்லை. நான் அவரோடு பல நாள் பேசவில்லை. மாமா ஒரு பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவை வளர்ந்த பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை.

போன வருடம் மாமா தம்போய்க்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் என் வீட்டில் தங்கினார். மத்தியானச் சாப்பாட்டின்போது என் மகளிடம் இந்தக் கதையைப் பழைய எரிச்சலோடு சொல்லிக்கொண்டிருந்தேன். லோரி கோட்டில் நின்ற இடத்துக்கு வந்தபோது மாமா சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"நீ தூங்கிக்கிட்டு இருந்தே பாப்பா. ஆலையிலேருந்து கெளம்புனதுமே தூங்கிட்டே. சத்தம் கேட்டுத்தான் எந்திரிச்ச. நீ பாத்தேன்னு ஒங்கம்மாகிட்ட நான்தான் சொன்னேன்."

"லோரி நின்னுச்சே மாமா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே."

"நிக்கல. மெதுவாக்குனேன், அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. ஓட்டியவரிடமே, நின்றது, கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது என்று வாதாடினேன். மகள் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. அன்று வராந்தாவில் பார்த்ததுபோலவே என் முகத்தைப் பார்த்தார்.

அந்தப் பார்வையைத்தான் பத்து வயதில் நான் பயம் என்று சரியாகக் கண்டுபிடித்தேன். மாஜிஸ்திரேட்டைப் பார்த்து வந்த பயம் என்று நினைத்துக்கொண்டேன்; அது என்னைப் பார்த்து வந்தது. என்னை உள்ளே கூப்பிட்டிருந்தால் கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு, பாவ்காரரின் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். மனமறிந்து ஒரு பொய்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.