கால் எட்டாத பைக்

புதிய பைக்கில் ஏறி இருந்தால் என் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையில் படாது. இடது பக்கம் சரிந்து கால்விரல்களை ஊன்றினால், வலது கால் அந்தரத்தில் தொங்கும். பழைய பைக்கைக் கொடுத்து இதை மாற்றி எடுப்பதற்கு முன்பே அது எனக்குத் தெரியும். ஆனால் வேறு வழியிருக்கவில்லை. வடமராட்சி கிழக்கில் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்த பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதையின் கடைசித் துண்டு முழுக்க மணல். என்னுடைய டூரிங் பைக் அந்த மணலைக் கண்டதும் பின்சில்லைப் புதைத்துக்கொண்டு படுத்துவிடும். தார் றோட்டில் அதை அடிக்க ஒன்றுமில்லை. தாழ்வான, அகன்ற சீற். திருகோணமலை வரை போய் வந்தாலும் முதுகு, நாரி ஒன்றும் நோகாது. அம்மா சேலையோடு ஒருபக்கமாக இருந்து எத்தனையோ தரம் அதில் கோயிலுக்கு வந்திருக்கிறார்.

உடுப்பிட்டியில் ஒருவரிடம் மணலிலும் ஓடக்கூடிய அட்வென்ச்சர் பைக் ஒன்று நின்றது. நல்ல உயரமான மனிதர். அவருடைய மனைவி அந்த உயரத்துக்கு ஏறமாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாராம். அவருக்கு என்னுடையது பிடித்தது, எனக்கு அவருடையது தேவைப்பட்டது. ஆளுக்காள் மாற்றிக்கொண்டோம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் பிள்ளையார் கோயிலில் பூசை. ஐயர் சந்தனம் பூசி, மாலை போட்டு, இரண்டு சில்லுகளுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். "இப்ப மெதுவா எடுங்கோ தம்பி" என்றார். முன்சில்லின் தேசிக்காய் நசிந்த சத்தம் கேட்டது. பின்சில்லின் கீழே இருந்தது நசியாமல் வழுக்கியது. பைக் ஆடியது. காலால் நிலத்தைத் தேடினேன், நிலம் கிடைக்கவில்லை. மாலை போட்ட பைக்கோடு கோயில் வாசலில் விழுந்தேன்.

அந்தத் தேசிக்காய் ஒரு கீறலும் இல்லாமல் உருண்டு வாய்க்காலுக்குள் போனது. ஐயர், "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று வேறொன்றை எடுத்து வைத்தார். அம்மாவின் கண் வாய்க்காலை விட்டு எடுபடவில்லை. வீட்டுக்கு நடந்தே வந்து அப்பாவிடம் சொன்னார்.

"ஒட்டகத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். இதிலை பிள்ளையை ஏத்தப்படாது, சொல்லிப்போட்டன்."

பிள்ளை என்பது என் தங்கச்சி. உயர்தரப் பரீட்சைக்கு அப்போது சில நாட்களே இருந்தன.

எங்கள் வீட்டில் பரீட்சை மண்டபம் ஒன்றுக்குள் முதலில் போனவன் நான். அப்பா சின்ன வயதிலேயே வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகத் தொடங்கியவர். அம்மாவும் அப்படித்தான். எனக்குப் பிறகு தங்கச்சி. இந்த முறை அவள் எழுதாமல் விட்டால் அடுத்த வருடம்தான், அடுத்த வருடம் என்றால் அதற்குள் கலியாணம் பேசிவிடுவார்கள். இதை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் பேப்பர் அன்று விடிந்தபோது முற்றத்தில் தண்ணீர் நின்றது. இரவு முழுக்கக் கொட்டிய மழை. அவளுடைய பரீட்சை மண்டபம் நெல்லியடியில். நாங்கள் வல்லை வெளி என்கிற, வீடு வாசல் இல்லாத நீண்ட திறந்தவெளிக்கு இந்தப் பக்கம். சந்திவரை போய்ப் பார்த்துவிட்டு அப்பா சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"வல்லை வெளியிலை தண்ணி றோட்டுக்கு மேலாலை பாயுதாம். பஸ் விடேல்லை."

சொல்லிவைத்திருந்த ஓட்டோக்காரர் போன் எடுத்தார். "குறை நினையாதை தம்பி. உள்ளை தண்ணி ஏறிச்செண்டா என்ரை பிழைப்புப் போச்சு."

தங்கச்சி வெள்ளைச் சீருடையோடு வாசலில் நின்றாள். அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் பொலித்தீன் பையில் சுற்றி, கழுத்தில் கட்டியிருந்தாள். நான் பைக்கை வெளியே உருட்டி ஸ்ராண்டில் விட்டேன். அம்மா அதற்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏத்தாதை எண்டு சொன்னனான் எல்லே. அண்டைக்குத் தேசிக்காய் என்னண்டு உருண்டு போச்சுதெண்டு கண்டனிதானே?"

"அம்மா, சோதினை எழுதப்போறது தேசிக்காய் இல்லை, நான்" என்றாள் தங்கச்சி. சொல்லிவிட்டு, காலைத் தூக்கிப் போட்டுப் பின்சீற்றில் ஏறி இருந்தாள்.

"ஐயோ, உதென்ன ஆம்பிளையள் மாதிரி! ஒருபக்கமா இரடி. சனம் பாக்குது."

"சனம் எங்கையம்மா நிக்குது? எல்லாம் வீட்டுக்குள்ளை தண்ணி இறைக்குது" என்றேன் நான். "ஒருபக்கமா இருந்தா வெளி நடுவிலை ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளைதான்."

அப்பா ஒரு சீமெந்துக் கல்லைத் தூக்கிவந்து பைக்கின் இடது பக்கம் போட்டார். அதில் காலை ஊன்றி ஏறினேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக்கிவிட்டு, "எங்கையும் நிப்பாட்டாதை மோனை" என்றார்.

வெளியின் தொடக்கத்தில் சிலர் குடை பிடித்து நின்றார்கள். "தம்பி, போகாதை!" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர், "போறதெண்டா நடுவாலை விடு!" என்றார். முன்னால் வானமும் தண்ணீரும் ஒரே நிறம். றோட்டு இருக்கிற இடத்தை, இரண்டு பக்கமும் தலை நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் கற்களை வைத்துத்தான் கணிக்க வேண்டியிருந்தது. முதல் கியரில் போட்டு, அக்சிலேற்றரைக் கூட்டாமல் குறைக்காமல் பிடித்தேன். தண்ணீர் வலது பக்கமிருந்து இடது பக்கம் இழுத்தது. என் சேட்டின் முதுகைப் பிடித்திருந்த தங்கச்சி எதையோ முணுமுணுத்தபடி வந்தாள். தேவாரம் என்று நினைத்தேன். காது கொடுத்தால் பொருளியல் பாடக் குறிப்பு.

நடுவெளியில் ஒரு மனிதர் முழங்கால் தண்ணீரில் பைக் ஒன்றைத் தள்ளிக்கொண்டு நின்றார். சைலன்சர் முழுக்கத் தண்ணீருக்குள். அந்த அகன்ற சீற்றைத் தூரத்திலேயே அடையாளம் கண்டேன்.

"அண்ணை, எங்கடை பைக்!"

"தெரியும்."

உடுப்பிட்டிக்காரர் கையை உயர்த்தினார். "தம்பி, ஒருக்கா நில்லும்! ஒரு கை தாரும்!"

"அண்ணை, அவர் கூப்பிடுறார்."

"தெரியும், பேசாமல் இரு!"

நிறுத்தினால் இடது காலை ஊன்ற வேண்டும். இடது பக்கம்தான் தண்ணீர் இழுக்கிற பக்கம். கழுத்தில் கட்டிய பொலித்தீன் பையோடு அவளும் போவாள். சைகை காட்டக்கூட ஒரு கையை எடுக்கப் பயம். அவர் முகத்தைப் பார்க்காமல் கடந்தேன். என் சில்லு எழுப்பிய அலை என் பழைய பைக்கில் போய் மோதியது. பின்னால் அவர் ஏதோ கத்தினார். காற்றில் சரியாகக் கேட்கவில்லை, நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

நெல்லியடியில் பரீட்சை மண்டப வாசல் சனமில்லாமல் இருந்தது. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். கேற்றில் நின்றவர், "கெதியா வா பிள்ளை, கெதியா!" என்று கை காட்டினார். நான் வேகத்தைக் குறைத்தேனே தவிர நிறுத்தவில்லை. பின்னால் ஆள் இருக்க ஒற்றைக் காலில் என்னால் நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும். பாய்ந்து இறங்கி, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கேற் அவளுக்குப் பின்னால் சாத்தப்பட்டது.

நான் திரும்ப வெளிக்குப் போனேன். அவர் இன்னும் அங்கேயே நின்றார். பக்கத்தில் போய் நிறுத்தினேன். இடது கால் கீழே போனது, போய்க்கொண்டே இருந்தது. எஞ்சினை நிறுத்த மட்டும்தான் நேரம் கிடைத்தது.

விழுந்து கழுத்தளவு தண்ணீரில் கிடந்த என்னை அவர் மேலிருந்து சிரித்தபடி பார்த்தார்.

"அப்ப என்னைத் தாண்டிப் போகேக்கை ராசா மாதிரிப் போனீர். இப்ப என்ன, குளிக்க வந்தனீரோ?"

"பின்னாலை தங்கச்சி இருந்தவள் அண்ணை. இண்டைக்குச் சோதினை. நிண்டிருந்தா இப்பிடித்தான் நடந்திருக்கும்."

அவர் சிரிப்பு நின்றது. "பிள்ளை உள்ளை போயிட்டாளோ?"

"போயிட்டாள்."

"அப்ப சரி, எழும்பும். கால் எட்டாத ஆளுக்கு நானும் உந்தப் பைக்கைத் தந்தனே!"

இரண்டு பைக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாக உடுப்பிட்டிப் பக்கம் தள்ளிச் சேர்த்தோம். கொஞ்சம் வெயில் எறித்த பிறகு என்னுடையது முதலில் உயிர் பெற்றது.

பின்னேரம் தண்ணீர் வடிந்திருந்தது. தங்கச்சியோடு வந்தபோது அம்மா எங்கள் ஒழுங்கை றோட்டில் ஏறும் முகப்பில் நின்றார். பேப்பர் எப்படி என்று கேட்கவில்லை. வளைந்த கைப்பிடியையும் என் சேட்டில் அப்பியிருந்த சேற்றையும் பார்த்தார்.

"விழுந்தனியோ?"

"ஓம்."

"இவள் இருக்கேக்கையோ?"

"இல்லை. இவளை இறக்கிப்போட்டு வரேக்கை."

அம்மா தங்கச்சியிடம் திரும்பினார்.

"நாளைக்கும் உப்பிடித்தான் ரெண்டு பக்கமும் கால் போட்டு இருக்கவேணும். ஒருபக்கமா இருந்தியோ, காலை முறிப்பன்."