ஒரு நேரத்தில் ஒரு வலி

அம்மாவின் கழுத்துக் கட்டியை முதலில் ஸ்கேன் செய்தது நான்தான். ஈப்போவில் ஒரு கிளினிக்கில் அதுதான் என் வேலை. வலப்பக்கம், தைராய்டை ஒட்டி, வழவழப்பான ஓரத்தோடு இருந்தது. தைராய்டுக் கட்டி என்றே எழுதினேன்.

மருத்துவமனையில் கேட்பார்களே என்று ஒரு பட்டியலும் தயாரித்தேன்: எடை, படபடப்பு, முடி உதிர்தல், தூக்கம், விழுங்குவதில் சிரமம். மொத்தம் பதினொரு கேள்விகள். எல்லாவற்றுக்கும் அம்மா 'இல்லை' என்றார்.

ஊசியால் செல் எடுக்கும் சோதனை இருமுறை நடந்தது. இரண்டிலும் செல்கள் போதவில்லை. வலப்பக்கத் தைராய்டை எடுத்தே பார்த்துவிடலாம் என்று அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான் அம்மாவின் மோட்டார் சைக்கிள் வாசலை விட்டு நகராததைக் கவனித்தேன். குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக் கேண்டீன் வேலைக்கு அதில்தான் போவார்.

"என்னம்மா, மோட்டார் ரோசாக்கா, கெட்டுப்போச்சா?"

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கைதான் ரோசாக். கட்டவெரலு மரத்துப் போகுது லா, ஹேண்டில முறுக்கினா பிடி நிக்க மாட்டேங்குது. அந்த ஊசி போட்டப்ப கரண்டு அடிச்ச மாதிரி வெரலு வரைக்கும் ஓடுச்சு."

"ரெண்டு தடவையுமா? டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"அவரு கழுத்துதானே பாக்குறாரு? நர்ஸ் மிஸ்ஸி அசையாதீங்கன்னாங்க, அசையல. நல்ல பேஷண்டுன்னு பேரு வாங்கினேன், தெரியுமா? உன் லிஸ்ட்லகூட கையப் பத்தி கேக்கலையே."

அம்மா வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுத்தவர் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர். தலைவலி என்று வந்தவர் காலையும் காட்டினால், வேலைக்கு டிமிக்கி என்று தோட்டக் கணக்கரான கிராணியிடம் பெயர் போய்விடுமாம். ஒரு நேரத்தில் ஒரு வலிதான் சொல்லலாம். தோட்டம் இன்று வரிசை வீடுகளாகிவிட்டது. அந்தச் சட்டத்தை அம்மா இன்னும் மீறவில்லை.

மறுநாள் அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். பழைய படங்களைத் திறந்தேன். கட்டியின் மேல்முனையில் வால்போல் மெல்லிய கோடு ஒன்று நுழைந்தது, கீழ்முனையில் வெளியேறியது. நரம்பு. முதல் படத்திலேயே இருந்திருக்கிறது. மறுபடி கருவியை வைத்து எச்சில் விழுங்கச் சொன்னேன். தைராய்டு ஏறி இறங்கியது, கட்டி அசையவில்லை; அது தைராய்டில் இல்லை. அரை நிமிட வேலை. அன்றைக்கே செய்திருக்கலாம்.

படங்களை எடுத்துக்கொண்டு அறுவை மருத்துவரிடம் ஓடினேன். வெகுநேரம் பார்த்தார், என்னைத் திட்டவில்லை. குறித்திருந்த அறுவையை ரத்து செய்து எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார். கைக்குப் போகும் நரம்பில் வளர்ந்த கட்டி என்று வந்தது. புற்றாகத் தெரியவில்லையாம். நரம்பை வெட்டாமல் கட்டியை மட்டும் உரித்தெடுக்க வேறொரு நிபுணர் முயல்வார். விரல் பழையபடி ஆகுமா என்பதற்கு யாரும் வாக்குத் தரவில்லை.

அந்த நிபுணரின் வரிசையில் காத்திருக்கிறோம். தினமும் காலையில் அம்மா என் இரண்டு விரல்களைப் பிடித்து அழுத்துகிறார்.

"நேத்து மாதிரியே இருக்காடி?"

"இருக்கும்மா."

நிபுணருக்குக் காட்ட வைத்திருக்கும் நோட்டில், 'நேற்றைவிடக் குறைவு' என்று எழுதுகிறேன்.