ஆவணியில் ஆளில்லாத கரை

போன வருடம் முல்லைத்தீவில் ஒரு மீன்வாடியில், கரையில் மீனவர்கள் தங்கும் கொட்டிலில், இரண்டு நாள் தங்கினேன். அங்கே கரைவலை இழுக்கிறவர்கள் எல்லாரும் மேற்குக் கரையில் முந்தல் பக்கத்து ஆட்கள். மேற்குக் கடல் கொந்தளிக்கும் வைகாசியில் தோணியை லொறியில் ஏற்றிக் கிழக்கே போவார்கள், ஐப்பசியில் திரும்புவார்கள். சண்டையோடு நின்றுபோயிருந்த இந்தப் போக்குவரத்து, சண்டை முடிந்ததும் மறுபடி தொடங்கிவிட்டது. சாப்பிடும்போதும் வலை இழுக்கும்போதும் அவர்களுக்கு ஊர்க் கரையைப் பற்றிய கதைதான். கேட்டுக் கேட்டு, கண்ணால் காணாத அந்தக் கரை மேல் எனக்கும் ஏக்கம் பிடித்துவிட்டது. சிரிக்காதீர்கள். வலைக்குச் சொந்தக்காரரான பழனிவேல் அண்ணர், "போனா எங்கட வீட்டில சாப்பிடாம வரக்கூடாது" என்று வழியும் சொல்லியிருந்தார். 2016 ஓகஸ்டில் மூன்று நாள் லீவு கிடைத்தது. வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

புறக்கோட்டையில் காலை 5.45க்குப் புத்தளம் பஸ். முந்தலுக்கு 165 ரூபா. சிலாபம் வரை நின்றபடிதான். 9.20க்கு முந்தலில் இறங்கி, பாணும் பருப்பும் பிளேன்டியும் 90 ரூபா. கரைக்கு ஒன்பது கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 450. ஓட்டுநர் இர்பான் நானா இறால் பண்ணைகளைக் காட்டிக்கொண்டே வந்தார்.

"இந்த மாசம் அங்க யாரப் பார்க்கப் போறீங்க தம்பி? ஆம்புளையாள் ஒருத்தரும் இல்லையே."

"கரையைப் பார்க்கத்தான் நானா."

கண்ணாடிக்குள்ளால் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கரையில் ஈ காக்கை இல்லை. வெள்ளை மணல், தென்னை, கோபமான கடல். குறிப்புப் புத்தகத்தில் "ஆளில்லாக் கடற்கரை, அருமை" என்று எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பழனிவேல் அண்ணரின் மனைவி செல்வராணி அக்கா எங்கோ போக வெளிக்கிட்டு வாசலில் நின்றார். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தது. ஆனால் சோறு போடும் நிலையில் அவர் இல்லை. உள்ளூர்ச் சபையின் திட்ட வரைபடத்தில் அவர்களுடைய பாடு, அதாவது அவர்கள் வலை இழுக்கிற கரைத்துண்டு, குப்பை கொட்டும் இடமாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஆடியில் வந்து அளந்தவர்கள் ஆளைக் காணாமல் "பயன்பாட்டில் இல்லாத நிலம்" என்று எழுதிவிட்டார்கள். நான் எழுதியதும் கிட்டத்தட்ட அதுதானே! ஆட்சேபனை கொடுக்க அன்று மாலை மூன்று மணிதான் கடைசி.

"குப்பை டவுனுடையதும் ஹோட்டலுடையதும். கரை மட்டும் எங்கட. குப்பை விழுந்த கரையில வலை இழுக்க ஏலுமே? ஓட்டோ நிக்குது, ஏறுங்கோ தம்பி."

சபை அலுவலகத்தில் வரைபடத்துக்குப் பொறுப்பானவர் மரியாதையான மனிதர்தான்.

"அம்மா, நானே போய்ப் பார்த்தன். ஒரு தோணிகூட அங்க இல்லை."

"தோணி முல்லைத்தீவில சேர். ஐப்பசியில வந்து பாருங்கோ."

"ஐப்பசிக்கு முந்தித் திட்டம் முடிஞ்சிரும். வாற செவ்வாய்க்கிழமை கமிட்டி பார்க்க வருது. அண்டைக்கு ஆட்களையும் தோணியையும் காட்டினா மாத்தலாம்."

ஆட்சேபனைக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அக்கா விறாந்தையில் நின்று கணவருக்கு ஃபோன் எடுத்தார். விஷயத்தைச் சொன்னார். "வாங்கோ. தோணியையும் கொண்டு வாங்கோ" என்றார். அங்கே அது நல்ல மீன்பாடு நேரம். வாடியைக் குலைத்துக்கொண்டு வருவது லேசான காரியமா? ஆனாலும் "சரி, வாறம்" என்ற குரல் எனக்கும் கேட்டது.

ஃபோனை வைத்ததும் அக்கா அழுதுவிட்டார். "சண்டைக் காலத்தில வருசம் முழுக்க வீட்டில இருந்தார். பட்டினிதான், ஆனா இருந்தார். இப்ப ஒவ்வொரு வைகாசியும் போகாதேங்கோ எண்டு வாய் வரைக்கும் வரும், விழுங்கிப்போடுவன். வாங்கோ எண்டு முதல்முதலாக் கேட்டது குப்பைக்காகவோ தம்பி?"

தலவில தேவாலயத்துக்கும் போக நினைத்திருந்தேன், மனம் வரவில்லை. அக்கா பிடிவாதமாக வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டுத்தான் விட்டார். நாலரை பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். வலை இழுப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகைக்கும் பங்குனிக்கும் இடையில் போங்கள். கடைசி பஸ் எப்போது என்று முந்தலிலேயே கேட்டுவிடுங்கள். குடிதண்ணீர் கொண்டு போங்கள், கரையில் கடை இல்லை. ஓகஸ்டில் போனால் குளிக்க இறங்காதீர்கள், இழுவை பொல்லாதது. கரை வெறுமையாகத்தான் கிடக்கும். படத்தைப் போட்டு "யாருமில்லாத சொர்க்கம்" என்று எழுதுவதற்கு முன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். சபையில் வரைபடம் தொங்கினால் அதையும் ஒருக்கால் பாருங்கள். குப்பை எந்த ஊருக்கு என்று குறித்திருக்கிறார்கள், எந்த ஊருக்குக் குறிக்கவில்லை என்று கவனித்தால் நிறையப் புரியும்.

அடுத்த சனிக்கிழமை அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். இரண்டு லொறிகளில் தோணியும் ஆட்களுமாகத் திங்களே வந்து இறங்கினார்களாம். "பயன்பாட்டில் இல்லாத நிலம்" என்பதை வெட்டிப் "பருவகாலக் கரைவலைப் பாடு" என்று திருத்திவிட்டார்களாம். குப்பை இனி எந்த ஏழை ஊருக்குப் போகுமோ தெரியவில்லை.

"அண்ணர் நிக்கிறாரா?"

"இல்லைத் தம்பி. கமிட்டி செவ்வாய் வரேல்ல, வியாழன்தான் வந்தது. அதுக்குப் பிறகுதான் எல்லாரும் முல்லைத்தீவுக்குப் போனவை. ரெண்டு நாள் தொழில் போச்செண்டு ஊரே கமிட்டியைத் திட்டித் தீர்த்தது. நான் மட்டும் திட்டேல்ல."